பன்னிரண்டாவது நாற்காலிக்கு ஓர் ஆள்

பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் நடத்தப்போகும் பாடங்களில் ஒன்று எனக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை. சீடன் என்றால் யார் என்கிற பாடம்தான் அது. பிள்ளைகளைக் கேட்டால் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவார்கள். குருவைப் பின்பற்றுகிறவன், அவர் சொன்னபடி நடக்கிறவன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், பணியிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை. ஆனால் ஒரு பெரிய வியாழனுக்குப் பிறகு, அந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் அது முழுப் பதில் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் ஊர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது. கோயில் வாசலில் நின்றால் துறைமுகத்துக்குள் வர இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும். கடலுக்குப் போகிற குடும்பங்கள்தான் ஊர் முழுக்க. பெரிய வியாழன் அன்று ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பங்குக் குருவான சாமியார் ஊரில் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது உபதேசியாரின் பொறுப்பு. நீங்களும் இதைச் செய்ய வேண்டியிருக்கும், அதனால் கவனமாகக் கேளுங்கள்.

பதினோரு பேர் எளிதாகக் கிடைத்துவிடுவார்கள். சண்டையே வரும், எங்கள் குடும்பத்தில் யாரையும் போடவில்லையே என்று. கடைசி நாற்காலிக்குத்தான் ஆள் கிடைக்காது. வரிசையில் கடைசியாக உட்காருகிறவனை, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்று ஊரே சொல்லிச் சிரிக்கும். டீக்கடையில், ஏலக்கூடத்தில், வலை பின்னும் இடத்தில், ஒரு வருஷம் முழுக்க அந்தப் பேர் கூட வரும். அதனால் எங்கள் கோயில்பிள்ளைதான் வழக்கமாக அங்கே உட்காருவார். மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது போல இதுவும் தம் வேலையில் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டார். நான் சொல்லும் வருஷத்தில் அவர் கோயில் ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார்.

அதற்கு முந்தைய கார்த்திகையில்தான் அமல்ராஜ் கடலில் இறந்துபோனான். ஊரில் அமலன் என்றுதான் கூப்பிடுவோம். அவன் எப்போதும் தன் அண்ணன் கஸ்பாரோடுதான் தொழிலுக்குப் போவான். அன்று கஸ்பாருக்குக் காய்ச்சல். நண்டு வலையை இழுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று தனியாகப் போனான். விடிந்தபிறகு வாடைக்காற்று திடீரென்று எழும்பியது. அவன் வள்ளம் கவிழ்ந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்த நேரம் இருந்தது லாசரின் வள்ளம் மட்டும்தான். லாசரின் வள்ளத்திலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவனோடு மூன்று பேர் இருந்தார்கள். லாசர் அமலன் பக்கம் வள்ளத்தைத் திருப்பவில்லை. நேரே கரைக்கு வந்து, மூன்று பேரையும் இறக்கிவிட்டு, பெரிய விசைப்படகு ஒன்றைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனான். அமலன் கிடைக்கவில்லை. பிறகு அவன் உடல் தெற்கே கரை ஒதுங்கியது.

இதையெல்லாம் ஊருக்குச் சொன்னது லாசரேதான். அமலன் தன்னைக் கூப்பிட்டதையும், தான் திரும்பாமல் வந்ததையும் அன்றே கரையில் நின்று சொன்னான். கூட இருந்த மூன்று பேரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள், அவன் சொல்லாமல் இருந்திருந்தால் ஊருக்குத் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு அவனோடு கடலுக்குப் போக ஒருவரும் வரவில்லை. ‘விட்டுட்டு ஓடியாந்தவன்’ என்று அவனுக்குப் பேர் வந்தது. அவன் திரும்பாததால் உயிரோடு இருந்த மூன்று பேரும்கூட அவன் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்தார்கள். கஸ்பாரின் கோபம் எல்லோரையும்விடப் பெரிது. காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தவனின் கோபம் அது. அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் கோயில் முன்னால் பந்தக்கால் ஊன்றிக்கொண்டிருந்தோம். நான் கடைசி நாற்காலிக்கு ஆள் தேடுவது எல்லோருக்கும் தெரியும். கஸ்பார் கயிற்றை இழுத்துக்கட்டிக்கொண்டே சொன்னான்.

“உபதேசியாரே, எதுக்கு அலையுதீங்க? பொருத்தமான ஆளு ஊருக்குள்ளயே இருக்கான். லாசரைப் போடுங்க.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கண்டிக்கவும் வாய் வரவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவனிடம் என்ன சொல்வது?

சாமியாரிடம் போனேன். அவர் உள்நாட்டுப் பக்கம் பிறந்தவர், எங்கள் பங்குக் கோயிலுக்கு மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“ஆண்டவர் யூதாஸ் காலையும் சேர்த்துத்தான் கழுவினார், இல்லையா?”

“ஆமா சாமி.”

“அப்ப லாசர் வரக் கூடாதுன்னு நாம எப்படிச் சொல்றது? ஆனா இவங்க அவரை அவமானப்படுத்தக் கூப்பிடுறாங்க. அதுக்கு நாம எப்படித் துணை போறது?”

நான் கேட்க வந்த கேள்வியை அவர் என்னிடமே திருப்பிக் கேட்டார். பிறகு, “உங்களுக்கு ஊர் தெரியும். நீங்களே முடிவு பண்ணுங்க” என்றார். இந்த வேலையில் இந்த வாக்கியத்தை நீங்கள் நிறையக் கேட்பீர்கள்.

லாசர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கிழிந்துபோன வலை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தான். கடலுக்குப் போகாதவன் எதற்கு வலை தைக்கிறான் என்று நினைத்தேன். எதையும் மறைக்காமல் சொன்னேன். கஸ்பார் சொன்னது, மற்றவர்கள் சிரித்தது, எல்லாம். வரமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டால் எனக்கு வேலை முடிந்தது. அதைத்தான் எதிர்பார்த்தேன்.

“எந்த நாற்காலின்னு தெரியும்” என்றான். “வாரேன்.”

“வந்தா என்ன நடக்கும்னு யோசிச்சியா லாசரு?”

“யோசிச்சேன். கோயிலுக்குள்ள உக்காரச் சொல்லி இப்பதான் ஒருத்தர் கூப்பிடுதீங்க. எதுக்குக் கூப்பிட்டா என்ன?”

நான் திரும்பி வந்தேன். வரும் வழியில் சிலுவை நிற்கும் குருசடியின் முன்னால் நின்று யோசித்தேன். அவனைக் கூப்பிட்டது சரியா, தப்பா? வேண்டாம் என்று நானே முடிவு செய்திருக்க வேண்டுமா?

மறுநாள் சாயங்காலப் பூசையில் கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தோம். நற்செய்தி வாசித்து, சாமியார் பிரசங்கம் முடித்ததும், பன்னிரண்டு பேரும் வெள்ளை வேட்டியோடு வரிசையாக வந்து உட்கார வேண்டும். பதினோரு பேர் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக லாசர் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான். செருப்பைக் கதவோரம் கழற்றிவிட்டு, நேரே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஆண்கள் பக்கம் நின்ற கஸ்பாரைப் பார்த்தேன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. லாசர் உண்மையிலேயே வருவான் என்று அவன் நினைக்கவில்லை. தான் எறிந்த கல் எங்கே போய் விழுந்தது என்று தெரியாதவன் மாதிரி நின்றான்.

லாசருக்குப் பக்கத்தில் இருந்தவர் முதலில் எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு ஆண்கள் பக்கம் போய்விட்டார். அவருக்கு அடுத்தவர் எழுந்தார். பிறகு இருவர் சேர்ந்து எழுந்தார்கள். அந்த வரிசையில் லாசரின் வள்ளத்தில் அன்று இருந்த மூன்று பேரில் ஒருவரும் இருந்தார். அவர் கொஞ்சம் தயங்கினார். லாசரைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார், பிறகு அவரும் எழுந்துவிட்டார். பாடகர் குழு எதுவும் தெரியாமல் பாட்டைத் தொடங்கியிருந்தது. சாமியார் மேல் அங்கியைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தட்டத்தோடு இறங்கி வந்தபோது பதினோரு நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒரு கோடியில் லாசர் மட்டும் உட்கார்ந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர்க் குவளையோடு சாமியாருக்குப் பக்கத்தில் நின்றது நான்தான்.

“என்ன செய்யலாம்?” என்று உதடு அசையாமல் கேட்டார்.

“தெரியல சாமி.”

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், சாமியார் உங்கள் முகத்தைப் பார்ப்பார். எழுந்துபோனவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரச் சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது. கூப்பிட்டிருந்தால் பாதிப் பேர் வந்திருப்பார்கள். அப்படி வந்து உட்காருகிறவன் என்ன சீடன்? சடங்கையே இன்றைக்கு விட்டுவிடலாம் என்றும் சொல்லியிருக்கலாம். அப்படி விட்டால் லாசர் எழுந்து அத்தனை பேர் நடுவே எப்படி வெளியே போவான்? அன்றைக்கு வாசித்த கதையின் தொடர்ச்சியிலேயே, காலைக் கழுவிக்கொண்ட எல்லோரும் கொஞ்ச நேரத்தில் ஆண்டவரைத் தனியே விட்டு ஓடிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் ஓடியவன் யார், இருந்தவன் யார்?

“இருக்கிற காலைக் கழுவுங்க சாமி” என்றேன். அது தீர்மானமா, வேறு வழி தெரியாமல் வந்த வார்த்தையா என்று இன்றும் சொல்ல முடியவில்லை.

சாமியார் கடைசி நாற்காலியை நோக்கித் திரும்பினார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். அமலனின் மனைவி ஸ்டெல்லா. வெள்ளைச் சேலை முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். எங்கள் கோயிலில் அதுவரை ஒரு பெண்ணின் காலைச் சாமியார் கழுவியதில்லை. அவள் யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, தலைப்பக்கத்திலிருந்து நாலாவது நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை முன்னே நீட்டினாள்.

பாட்டு நின்றுவிட்டது. யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. சாமியார் அவள் முன்னால் முழங்காலிட்டார். நான் தண்ணீர் ஊற்றினேன். அவளுக்குப் பிறகு லாசர். லாசரின் காலைச் சாமியார் துடைக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். எழுந்துபோனவர்களில் மூன்று நாலு பேர் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லா நாற்காலியும் நிறையவில்லை.

அன்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஸ்டெல்லா மன்னித்துவிட்டாள், என்ன மனசு அவளுக்கு என்றார்கள். சாமியார் ஈஸ்டர் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் அதைச் சொன்னார், பாதிக் கோயில் அழுதது. ஈஸ்டர் முடிந்து நான் அவளைப் பார்க்கப் போனேன். நீ செய்தது பெரிய காரியம் என்று சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“நான் என்ன செஞ்சேன்?”

“அன்னைக்கு வந்து உக்காந்தியே தாயி.”

“போன வருஷம் அது அவரு உக்காந்த நாற்காலி. நீங்கதான போட்டீங்க, நாலாவதா. அது காலியாக் கெடந்தது, என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. அதுதான் வந்தேன். அந்த ஆளு அங்கன இருந்ததையே நான் நெனைக்கல.”

ஊரே கொண்டாடிய மன்னிப்பு நடக்கவே இல்லை. இதைச் சாமியாரிடம் சொல்ல வேண்டுமா, கூடாதா என்று பல நாள் குழம்பினேன். சொல்லவில்லை. அவள் தன் துக்கத்தில் செய்ததை நாம் நம் விருப்பப்படி வாசித்துக்கொண்டோம். புதிதாக வந்திருக்கும் நீங்கள், யாராவது நல்லது செய்வதாகத் தெரிந்தால் அதற்கு உடனே பேர் வைக்காதீர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டபிறகும் விளங்காமல் போகலாம், அது வேறு.

ஆனால் லாசருக்கு அது தெரியாது, அவள் தனக்காக வந்தாள் என்றே நினைத்திருந்தான். பெரிய வியாழன் பூசை முடிந்த கையோடு, பூசைச் சாமான்கள் வைக்கும் சக்கிரீஸ்து அறைக்கு வந்து கதவோரம் நின்றிருந்தான். நான் ஈரத் துண்டுகளைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

“உபதேசியாரே, ஒண்ணு கேக்கணும். சாமி என் காலக் கழுவிட்டாரு. நீங்களும் ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவணும்னு வாசிச்சாங்களே. நான் இப்ப யாரு காலக் கழுவணும்?”

வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் பதில் வைத்திருப்பேன். உன் அயலான் காலை என்பேன். அவனிடம் அது வரவில்லை.

“உனக்கே தெரியும்லா லாசரு” என்றேன். தப்பித்துக்கொள்ளச் சொன்ன வார்த்தை. அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, பூசை முடிந்ததும் ஸ்டெல்லா வீட்டு வாசலில் போய் நிற்கத் தொடங்கினான். கூப்பிடுவதில்லை, கதவைத் தட்டுவதில்லை. கொஞ்ச நேரம் நிற்பான், போய்விடுவான். அவள் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. கஸ்பார் என்னிடம் வந்து, “அவன இனிமே அங்கன பாத்தேன்னா நடக்கிறதே வேற, சொல்லி வையுங்க” என்றான். நான் லாசரிடம் போய், போகாதே, அந்தப் பெண்ணுக்குத்தான் கஷ்டம் என்றேன்.

“நீங்கதான உனக்கே தெரியும்னீங்க” என்றான். குத்திக்காட்டிப் பேசவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். “எனக்கு இது மட்டும்தான் தெரிஞ்சுது. தப்புன்னா என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்.”

கடைசியில் ஸ்டெல்லாவே ஆள் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து கூட இருங்கள் என்று. போனேன். கஸ்பாரும் அங்கே இருப்பானோ என்று பயந்தேன். அவன் இல்லை. சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்தேன். லாசர் வழக்கம்போல வாசலில் வந்து நின்றதும் அவள் கதவைத் திறந்தாள்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட யாரும் சொல்லல” என்றாள். “துக்கம் கேக்க வந்தவங்க எல்லாம் கடவுள் சித்தம்னு சொல்லிட்டுப் போனாங்க. நீ அங்கன இருந்தவன். நீ சொல்லு.”

கடவுள் சித்தம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். தலையைக் குனிந்துகொண்டேன்.

லாசர் வாசலில் நின்றபடியே சொன்னான். காற்று எப்படி வந்தது, தன் வள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது, திருப்பியிருந்தால் அலை பக்கவாட்டில் அடித்து நாலு பேரையும் கவிழ்த்திருக்கும் என்று நினைத்தது. நினைத்தது என்றுதான் சொன்னான், கவிழ்த்திருக்கும் என்று சொல்லவில்லை.

“அவரு உன்னப் பாத்தாரா?”

“பாத்தான். கையத் தூக்கினான். எம்பேரச் சொல்லிக் கத்தினான்.”

“பேரு மட்டுமா? வேற ஒண்ணும் சொல்லலையா?”

லாசர் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டான்.

“சொன்னான். காத்துல சரியா விழல. ‘லே’ன்னு முடிஞ்சுது. வாலேன்னு கூப்பிட்டானா, போலேன்னு சொன்னானான்னு எனக்குத் தெரியல. இத்தன நாளா அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு நாளு வாலேன்னு கேக்குது, ஒரு நாளு போலேன்னு கேக்குது.”

நான் வாயைத் திறந்தேன். போ என்றுதான் சொல்லியிருப்பான், உங்கள் நாலு பேரையாவது காப்பாற்ற நினைத்திருப்பான் என்று சொல்ல இருந்தேன். ஆறுதல் சொல்லியே பழகிப்போன வாய் இது. ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்.

“வான்னுதான் கூப்பிட்டிருப்பாரு” என்றாள். “அவருக்குக் கடலுன்னா பயம். அண்ணன் இல்லாம ஒருநாளும் போனதில்ல. போன்னு சொல்லுத ஆளு இல்ல அவரு. வான்னுதான் கூப்பிட்டிருப்பாரு.”

லாசர் தலையை ஆட்டினான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. நெடுநாள் தூக்கிவந்த சுமையை யாரோ இறக்கிவைக்கச் சொன்னதுபோல, அவன் தோள் இரண்டும் தணிந்தன.

“வாசல்ல நிக்காத. பாக்க நல்லாவா இருக்கு?” என்றாள். “உள்ள வா.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரச் சத்தம் கேட்டது.

இதை மன்னிப்பு என்று சொல்வதா? அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை. அவன் செய்ததைச் சரி என்றும் சொல்லவில்லை, உண்மையில் அதற்கு நேர் எதிரானதைத்தான் சொன்னாள். கஸ்பார் இன்றும் லாசரோடு பேசுவதில்லை. ஸ்டெல்லாவோடும் வெகுநாள் பேசாமல் இருந்தான். லாசரோடு இப்போது பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கடலுக்குப் போகிறார்கள். இதில் யார் சீடன், எந்த இடத்தில் அவன் சீடனானான் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நாலு பேருடைய உயிரை வைத்துக்கொண்டு திரும்பாமல் போனானே, அங்கேயா? செய்ததை மறைக்காமல் கரையில் நின்று சொன்னானே, அங்கேயா? நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தானே, அங்கேயா? இல்லை, அவன் இல்லவே இல்லை, அவள்தானா? பாடம் எடுக்கும்போது பிள்ளைகள் சொல்லும் பதிலுக்கு நீங்களும் மார்க் போடுங்கள், தப்பில்லை. ஆனால் அத்தோடு பாடம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் உபதேசியார் என்று என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். லாசர் உள்ளே காலை வைக்கத் தயங்கி நிலைப்படியிலேயே நின்றான். நான் பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டேன்.